கல்லாவின் இரு பக்கமும்: எல்லையோரக் கடைவீதியில் மரியாதையும் அவமதிப்பும்

கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசுகிறாரா, எரிந்து விழுகிறாரா என்பதை அவரவர் குணத்தோடு சேர்த்துப் பார்ப்பதே பொதுவழக்கம். ‘தங்கமான மனுஷன்’, ‘சிடுமூஞ்சி’ என்ற இரண்டு சொற்களில் ஊர் ஒரு கடையின் வரலாற்றையே முடித்துவிடும். வாடிக்கையாளரை எடைபோடும்போது கடைக்காரர் பயன்படுத்தும் அளவுகோலும் இதுவே. ஆனால் ஒரே தெருவில் ஒரே மனிதர் காலையில் மளிகைக் கடையில் ஒரு விதமாகவும், பகலில் நியாயவிலைக் கடையில் வேறு விதமாகவும், மாலையில் மதுக்கடையில் இன்னொரு விதமாகவும் நடத்தப்படுகிறார், அவரும் அந்தந்த இடத்துக்கு ஏற்றபடி மாறி நடந்துகொள்கிறார் என்றால், குணம் என்ற விளக்கம் போதாது. கொடுப்பவரும் வாங்குபவரும் எந்த நிபந்தனைகளின்கீழ் சந்திக்கிறார்கள், அந்தச் சந்திப்பை விட்டு விலகிப்போக இருவரில் யாருக்கு முடியும், நாளையும் இவர்கள் முகம் பார்த்தாக வேண்டுமா ஆகிய கேள்விகளுக்கான விடைகளே கடை மரியாதையைப் பெருமளவு தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த வாதம் செல்லுபடியாகாத இடமும் உண்டு. அதைத் தவிர்த்துவிட்டு இந்தப் பொருளைப் பேச இயலாது.

இதைப் பொருத்திப் பார்க்கத் திருக்கனூர் வாய்ப்பான ஊர். புதுச்சேரி வட்டாரம் ஒரே நிலப்பரப்பாக அமையாமல் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பது. அதன் வடமேற்கில், வில்லியனூர் வட்டத்தைச் சேர்ந்த மண்ணாடிப்பட்டு கொம்யூனில் இவ்வூர் இருக்கிறது. (கொம்யூன் என்பது பிரெஞ்சு ஆட்சியில் உள்ளாட்சிப் பிரிவுக்கு வழங்கிய பெயர்; ஆட்சி போன பிறகும் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்று பெயர் நிலைத்துவிட்டது.) புவிசார் குறியீடு பெற்ற காகிதக்கூழ்க் கைவினையால் வெளியூரில் பெயர் பெற்றாலும், சுற்றுவட்டார மக்களுக்குத் திருக்கனூர் என்றால் முதலில் அதன் கடைவீதிதான். அந்த வீதிக்கு வருபவர்களில் ஒரு பகுதியினர் புதுச்சேரிக் குடும்ப அட்டை வைத்திருப்பவர்கள், மறுபகுதியினர் தமிழ்நாட்டு அட்டை வைத்திருப்பவர்கள். பேச்சும் சாதியும் சாமியும் உறவும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க, வரியும் சட்டமும் அரசும் மட்டும் வேறாக இருப்பதால், கடை மரியாதையில் தென்படும் வேறுபாட்டில் எவ்வளவு பண்பாட்டைச் சார்ந்தது, எவ்வளவு ஏற்பாட்டைச் சார்ந்தது என்று பிரித்துப் பார்க்க இங்கே ஓரளவு வழி கிடைக்கிறது.

மரியாதையை ஆராயும் மொழியியலில் உலகெங்கும் எடுத்தாளப்படும் நூல் ஒன்றுக்குத் தமிழ்நாட்டுக் கிராமப் பேச்சு மூலப்பொருளாக இருந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978இல் ஒரு தொகுப்பின் பகுதியாக வெளியிட்டு, 1987இல் தனி நூலாகக் கொண்டுவந்த அந்த ஆய்வு, ஆங்கிலம், மெக்சிகோவின் மாயா மொழிகளில் ஒன்றான செல்தால், கோயம்புத்தூர் மாவட்டக் கிராமத்துத் தமிழ் ஆகிய மூன்றின் பேச்சுப் பதிவுகளை வைத்து எழுதப்பட்டது. சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் முன்வைத்த ‘முகம்’ என்ற கருத்தை, அதாவது நாலு பேர் முன்னிலையில் ஒருவர் தமக்கென்று கோரும் மதிப்பை, அவர்கள் அடித்தளமாகக் கொண்டார்கள். கேட்பது, மறுப்பது, பாக்கியை நினைவூட்டுவது போன்ற ஒவ்வொரு செயலும் யாரோ ஒருவரின் முகத்தைக் கீறவே செய்கிறது. அந்தக் கீறலின் ஆழத்தை இருவருக்கும் இடையிலான நெருக்கம், ஒருவர்மீது மற்றவருக்குள்ள அதிகாரம், கேட்கப்படும் பொருளின் பாரம் ஆகிய மூன்றும் கூடி நிர்ணயிக்கின்றன. ஆழத்துக்கு ஏற்ப மனிதர்கள் பூசி மெழுகும் உத்திகளைக் கைக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் கோட்பாட்டின் சாரம்.

கடைத்தெருப் பேச்சில் இந்தக் கணக்கு நொடியில் நடந்துவிடுகிறது. முன்பின் தெரியாத பெண்ணை ‘அக்கா’ என்பதும், தம்மைவிட இளைய கடைக்காரரைக்கூட ‘அண்ணே’ என்பதும் நெருக்கமில்லாத இடத்தில் நெருக்கத்தை வரவழைக்கும் வழிகள். ‘சார்’, ‘மேடம்’, ‘ஐயா’ என்பவை தூரத்தை ஒப்புக்கொண்டு அதற்குரிய மரியாதையைச் செலுத்துபவை. எதிரே நிற்பவரின் வயதும் நிலையும் பிடிபடாதபோது கடைக்காரர் செய்யும் காரியம் இன்னும் நுட்பமானது. ‘என்ன வேணும்?’, ‘எவ்வளவு போடட்டும்?’, ‘வேற?’ என்று, நீ என்றோ நீங்கள் என்றோ ஒரு பக்கம் சாயாத வாக்கியங்களாகத் தேர்ந்தெடுத்து அவர் வியாபாரத்தையே முடித்துவிடுவார். எவரும் கற்றுத்தராமல் கல்லாவில் உட்கார்ந்தே தேறும் கலை இது. ஆயினும் இக்கோட்பாடு பேச்சை அளக்கப் பிறந்தது. கடை மரியாதையின் பெரும்பகுதி பேச்சுக்கு வெளியே இருக்கிறது. யாருக்கு முதலில் பொட்டலம் கட்டப்படுகிறது, மீதிச் சில்லறை கையில் கொடுக்கப்படுகிறதா, மேசையில் வைக்கப்படுகிறதா, தட்டிலிருந்து வீசப்படுகிறதா, நிற்பவருக்கு முக்காலி தள்ளிவிடப்படுகிறதா என்பவற்றில் ஊர் மரியாதையை எண்ணிப் பார்க்கிறது. நகரத்துச் சேவைத் தரத்தின்படி வணக்கமும் நன்றியும் சொல்லப்படுகின்றனவா என்று மட்டும் ஒருவர் குறித்துக்கொண்டு போனால், கிராமத்துக் கடை ஒவ்வொன்றும் தேர்வில் தோற்றுவிடும்; அந்தத் தேர்வு அளந்தது வேறொன்றை.

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாராட்டுவதும் இந்த இடத்தில் கவனிக்கத்தக்கது. கொள்வதை மிகையாகக் கொள்ளாமை, கொடுப்பதைக் குறைவாகக் கொடுக்காமை ஆகியவற்றையே அந்நூல் அவர்களுக்குப் பெருமையாகச் சொல்கிறது. இன்முகத்தை விருந்தோம்பும் இல்லத்தாரிடம் வலியுறுத்திய பழைய நூல்கள் வணிகரிடம் முதலில் எதிர்பார்த்தது நேர்மையான அளவை. காய்கறிக் கடையில் வாய் திறக்காமல் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் போடும் கொசுறு வழக்கம் அந்த மரபின் எச்சம் என்று நிறுவ முடியாவிட்டாலும், மரியாதையைப் பொருளாகக் கொடுத்துவிடும் மனப்பாங்கு அதில் தெளிவு. கொசுறு கேட்டு வாங்கும் பெண் இரக்கிறவளாகக் கருதப்படுவதில்லை, கொடுக்க மறுக்கும் கடைக்காரர்தான் கருமியாகிறார் என்பதிலிருந்து, அது இனாமாக இல்லாமல் கடமையாகவே எண்ணப்படுகிறது என்று கொள்ளலாம்.

இந்த மரியாதைகளுக்கெல்லாம் ஆணிவேர் கடன். மண்ணாடிப்பட்டு கொம்யூன் நெல்லும் கரும்பும் விளையும் பகுதி. லிங்காரெட்டிப்பாளையத்தில் அமைந்த கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, இப்போது இயக்கம் நின்றுபோயிருந்தாலும், பல்லாண்டுகள் இவ்வட்டாரத்தின் பண ஓட்டத்துக்கு மடையாக இருந்தது. கரும்பை வெட்டி அனுப்பி ஆலைப் பணம் கைக்கு வரும்வரை குடும்பம் உப்பும் புளியும் வாங்கித்தானே ஆக வேண்டும்? மளிகைக் கடைக்காரரின் கணக்கு நோட்டு அந்த இடைவெளியை அடைத்தது. மொரோக்கோவின் செஃப்ரூ நகரச் சந்தையை ஆராய்ந்து மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1978இல் எழுதிய கட்டுரை, பொருளின் தரமும் விலையும் யாருக்கும் உறுதியாகத் தெரியாத சந்தையில் மக்கள் ஒவ்வொரு முறையும் புது வியாபாரியைத் தேடாமல் ஒரே வியாபாரியோடு வாடிக்கை பிடித்துக்கொள்வது அறிவுள்ள செயலே என்று காட்டியது. திருக்கனூர் போன்ற ஊரில் வாடிக்கை அதோடு நிற்பதில்லை. தகவலோடு கடனும் அந்தக் கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறது. பாக்கி வைத்திருப்பவர் வேறு கடைக்குப் போனால் அது துரோகமாகப் பேசப்படும். பாக்கியைக் கேட்கக் கடைக்காரர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் அது மானக்கேடாக முடியும். இருவரும் ஒருவரை ஒருவர் விட்டுவிட முடியாதபடி கட்டுண்டு கிடப்பதால் பேச்சில் உரிமையும் கடுமையும் கலந்தே வருகின்றன. ‘போன மாசத்தது இன்னும் நிக்குது, தெரியுமில்ல?’ என்று கடைக்காரர் நாலு பேர் முன்னால் சொல்வது, வெளியூர்க்காரர் காதில் அவமதிப்பாக விழும்; அவர் அதைச் சொல்லிக்கொண்டே இந்த மாதச் சாமானையும் கட்டிக் கொடுக்கிறார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அங்கே என்ன நடக்கிறது என்பது விளங்கும்.

மறுப்பதற்கும் இந்த உலகம் தனி உத்தி வைத்திருக்கிறது. தமிழகத்திலும் புதுச்சேரியிலும் எண்ணற்ற கடைகளின் கல்லாவுக்கு மேலே தொங்கிய ‘கடன் அன்பை முறிக்கும்’, ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்ற பலகைகளை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிடக் கூடாது. ‘உனக்குக் கடன் தரமாட்டேன்’ என்று ஒருவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது பெரிய கீறல். அதையே எவர் வாயிலிருந்தும் வராத பொதுவிதியாக எழுதி மாட்டிவிட்டால், மறுத்தவரும் இல்லை, மறுக்கப்பட்டவரும் இல்லை. மறுப்பை ஆள் சாராத பொதுவிதியாக்கிச் சொல்வதைப் பிரவுனும் லெவின்சனும் மரியாதையின் உத்திகளில் ஒன்றாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள். பலகை மாட்டிய கடைகளிலும் கடன் நோட்டு இருக்கத்தான் செய்தது. யாருக்குப் பலகை, யாருக்கு நோட்டு என்பதைக் கடைக்காரர் முடிவுசெய்தார்.

வாடிக்கையாளர் தரப்பில் கட்டுப்பாடுகள் இல்லாமலும் இல்லை. காலையில் முதல் போணி ஆகும் முன் கடன் கேட்பது, விலை விசாரித்துவிட்டு வாங்காமல் நகர்வது, விளக்கு வைத்த பிறகு உப்பும் ஊசியும் கேட்டு வந்து நிற்பது ஆகியவை கடைக்காரரை நோகடிக்கும் செயல்கள் என்று ஊருக்கே தெரியும். சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்ல வாய் வராமல் ‘நாளைக்கு வந்துடும்’ என்று கடைக்காரர் சொல்வதும் அவ்வகை நாகரிகமே. அதை நம்பி மறுநாளும் வந்து ஏமாறும் இளைய தலைமுறை அதற்குப் பொய் என்று பெயர் வைக்கிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

மேலே சொன்ன வாதத்துக்குச் சாதி இடம் கொடுப்பதில்லை. தொடர் உறவும் பணமும் இருந்தால் மரியாதை பிறந்துவிடும் என்றால், தினமும் அதே தேநீர்க் கடைக்கு வந்து அதே காசைக் கொடுத்த தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைக்கப்பட்டதற்கு விளக்கமே கிடையாது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் பதிவான இரட்டைக் குவளை முறையில் அவமதிப்பு தற்செயலாக நேர்ந்ததில்லை. மற்ற வாடிக்கையாளர்களுக்குக் கடை அளித்த ‘மரியாதை’யின் ஒரு பகுதியாகவே அது பரிமாறப்பட்டது. பொதுக் கடைகளிலும் உணவகங்களிலும் நுழைவதற்குச் சாதியின் பேரால் தடை விதிப்பதை அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு விலக்குகிறது, 17ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழிக்கிறது, 1955இல் வந்து பின்னர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. இலங்கையிலும் 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது; ஆயினும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளின் உள்ளே உட்கார்ந்து குடிக்கும் உரிமைக்காக 1960களின் பிற்பகுதியில் மக்கள் திரண்டு போராட வேண்டியிருந்தது. சட்டத்தின் கைக்குப் பிடிபடாத வடிவங்களும் உண்டு. எல்லாருக்கும் காகிதக் குவளை வந்த பிறகு எது யாருடைய குவளை என்ற கேள்வியே மறைந்துபோய், பழைய வழக்கம் ஒழிந்ததா ஒளிந்ததா என்பது தெரியாமல் போயிற்று. சில்லறையைக் கையில் படாமல் மேலேயிருந்து போடுவது, வயதில் மூத்தவரை ‘வா, போ’ என்பது, முன்னால் வந்தவரைக் காக்கவைத்துப் பின்னால் வந்தவரைக் கவனிப்பது ஆகியவற்றை எந்தக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பது? முகம் என்ற கோட்பாட்டில் அதிகாரம் ஒரு காரணி மட்டுமே. இங்கே அது மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது.

இதற்கு நேர் எதிர்முனையில், ஆளே யாரென்று தெரியாத எல்லை வியாபாரம் நடக்கிறது. பிரெஞ்சு இந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இடையே 1941இல் ஏற்பட்ட சுங்க உடன்பாடு 1949இல் முறிந்து, சிதறிய துண்டுகளைச் சுற்றிலும் சுங்கக் கெடுபிடி எழுந்தபோதே, இவ்வட்டார மக்களுக்கு எல்லை என்பது விலை வித்தியாசமாகப் பழக்கமாகிவிட்டது. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்து, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைப்பு நிறைவேறிய பிறகும், ஒன்றியப் பிரதேசத்தின் வரிகள் தமிழ்நாட்டு வரிகளிலிருந்து வேறுபட்டே இருந்தன; பல பொருள்களை வாங்கத் தமிழ்நாட்டுக்காரர்கள் புதுச்சேரிக் கடைகளுக்கு வந்தார்கள். 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நாடெங்கும் ஒன்றானதும் அந்த ஈர்ப்பின் பெரும்பகுதி கரைந்து, அவ்வரிக்குள் வராத பெட்ரோலும் டீசலும் குடிமதுவும் மட்டும் எஞ்சின.

மதுக்கடை ஒப்பீட்டுக்கு மிக வாகான களம். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை 1983இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் தனி உரிமை. எல்லைக்கு இப்பால் அது உரிமம் பெற்ற தனியாரின் தொழில். டாஸ்மாக் கடையில் கம்பி வலைக்குள் கைவிட்டுப் பணத்தை நீட்டுபவர், அச்சிட்ட விலைக்கு மேல் பத்து ரூபாய் கேட்கப்பட்டாலும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிட்டு நகர்வதும், கேட்ட சரக்குக்குப் பதில் இருக்கிற சரக்கு கொடுக்கப்படுவதும் பொதுவெளியில் திரும்பத் திரும்பப் பேசப்பட்ட குறைகள். எல்லையைத் தாண்டியதும் அதே மனிதருக்கு விதவிதமான புட்டிகளைக் காட்டி ‘எது வேணும்ணே’ என்று கேட்கும் கடை காத்திருக்கிறது. இதை வைத்துத் தமிழ்நாட்டுக்காரர் முரடர், புதுச்சேரிக்காரர் பண்பாளர் என்று எவராவது முடிவுக்கு வந்தால் அது நகைப்புக்குரியது. இரு கடைகளிலும் நிற்கும் விற்பனையாளர்கள் அடுத்தடுத்த ஊர்க்காரர்களாக, உறவினர்களாகக்கூட இருக்கலாம். ஒருவருக்குப் போட்டி கிடையாது, இலக்கும் தணிக்கையும் உண்டு; மற்றவருக்கு நாலு கடை தள்ளிப் போட்டி உண்டு. 2020 மே மாதம் ஊரடங்குக்குப் பிறகு கடைகள் திறந்தபோது புதுச்சேரி அரசு மதுவின் மீது சிறப்பு வரி விதித்து விலையைத் தமிழ்நாட்டோடு சமமாக்கியது; அடுத்த ஆண்டு அந்த வரி நீங்கும்வரை எல்லை தாண்டி வர விலை என்ற காரணம் இல்லாமல் போனது. ஒரு கடைவீதியின் உபசாரம் எவ்வளவு தூரம் வரி விகிதத்தின் குழந்தை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எல்லைக் கடையில் மரியாதை உண்டு, உறவு கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போதையில் வாடிக்கையாளர் விடும் ஏச்சு முழுவதையும் விற்பனையாளரே வாங்கிக்கொள்கிறார். பேசியவர் நாளைக்கு வரப்போவதில்லை, வந்தாலும் நினைவிருக்காது.

விலகிப்போக வழியில்லாத வாடிக்கையாளரை நியாயவிலைக் கடையில் பார்க்கலாம். அரசின் கொள்கையை மக்களிடம் நேரில் கொண்டுசேர்க்கும் கடைசிப் படி ஊழியர்கள், கூட்டமும் பற்றாக்குறையும் நெருக்கும்போது தம் விருப்புரிமையைப் பயன்படுத்தி மக்களைத் தரம் பிரித்துச் சமாளிக்கிறார்கள் என்று அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி 1980இல் விளக்கினார். ‘சர்வர் வேலை செய்யல’, ‘ரேகை விழல’, ‘பருப்பு நாளைக்கு’ என்ற வாசகங்களை அந்த விளக்கத்தோடு கேட்டால் அவற்றில் ஆணவத்தைவிடத் தற்காப்பே மிகுதி என்பது புரியும். புதுச்சேரியில் இந்தக் கதை விசித்திரமான திருப்பம் எடுத்தது. உணவு மானியத்தைத் தானியமாகக் கொடுக்காமல் வங்கிக் கணக்கில் பணமாகச் செலுத்தும் திட்டம் 2015 செப்டம்பரில் சண்டிகருடன் சேர்த்துப் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. புதுச்சேரி அரசின் இலவச அரிசியும் பணமாகவே தரப்பட வேண்டுமா என்ற பூசல் முதலமைச்சருக்கும் துணைநிலை ஆளுநருக்கும் இடையே முற்றி நீதிமன்றம்வரை போனது. ஏட்டில் பார்த்தால் அவமதிப்புக்கு இது முற்றான தீர்வு: வரிசை இல்லை, எடைக் குறைவு இல்லை, சிடுசிடுப்பு இல்லை. நடைமுறையில் கடைகள் மூடிக் கிடந்தன, ஊழியர்கள் சம்பளப் பாக்கிக்காகத் தெருவில் இறங்கினார்கள், அரிசி வேண்டும் என்று சிவப்பு அட்டைக்காரர்கள் (வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்குப் புதுச்சேரியில் வழங்கப்படும் அட்டையின் நிறம் அது) விடாமல் கேட்டார்கள்; 2024 தீபாவளியை ஒட்டி நியாயவிலைக் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. சிடுசிடுக்கும் ஆளே இல்லாத வங்கிக் கணக்கைவிடச் சண்டை போடக்கூடிய ஒரு கவுண்டரை மக்கள் மேலாகக் கருதினார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள இடமிருக்கிறது. அரிசி விலை ஏறியதும் பணத்தின் மதிப்பு நின்ற இடத்திலேயே நின்றதும் அதைவிட வலுவான காரணமாக இருந்திருக்கும்.

பேரம் குறைந்த வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. இங்கே ஒரு முரணை மட்டும் சுட்டலாம். நிலையான விலையைச் சீட்டில் எழுதி ஒட்டி விற்கும் முறையை நவீன வணிகத்தின் அடையாளமாக்கியவர்களில் முதன்மையானவர், 1852இல் பாரிஸின் ‘போன் மார்ஷே’ கடையில் பங்காளியாகச் சேர்ந்த அரிஸ்தீத் பூசிகோ. பிரெஞ்சுக் கொடி இன்னும் நூறாண்டு பறந்த மண்ணாடிப்பட்டுக்கு அந்தப் பழக்கம் பாரிஸிலிருந்து வரவில்லை. அதிகபட்ச சில்லறை விலையைப் பொட்டலத்தின்மீது அச்சிட வேண்டும் என்று 1990இல் இந்திய அரசு விதித்த பிறகு சோப்புக் கட்டியின் முதுகில் ஏறி வந்தது. பேரம் போனபோது அதோடு சேர்ந்து வந்த நையாண்டியும் கோபித்துக்கொண்டு நாலடி நடந்து திரும்பி வருவதும் போயின. பொருளைப் பற்றிப் பேச எதுவும் மிஞ்சாததால் கடைகள் பேசும் விதத்தையே விற்கத் தொடங்கின.

அப்படி விற்கப்படும் மரியாதைக்கு உழைப்பவர் யார் என்ற கேள்வியைச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் எழுப்பினார். விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஒரே நூலில் வைத்து ஆராய்ந்த அவர், முன்னவர்கள் கூலிக்காகச் சிரிக்கிறார்கள், பின்னவர்கள் கூலிக்காகச் சீறுகிறார்கள், இருவருமே தம் உணர்ச்சியை முதலாளிக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்று காட்டி, அதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயரிட்டார். குழுக் கடன் தவணை வசூலிக்க மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞரையும், அதே தெருவின் ஜவுளிக் கடை வாசலில் ‘வாங்க, வாங்க’ என்று அழைக்கும் இளம்பெண்ணையும் ஒருசேரப் பார்த்த எவருக்கும் இக்கருத்து விளக்கமின்றியே பிடிபடும். சிரிப்பை ஆணையிட்டு வரவழைக்க முடியும் என்ற நம்பிக்கைக்கு எல்லையும் உண்டு: 1997இல் ஜெர்மனிக்குள் நுழைந்து 2006இல் வெளியேறிய வால்மார்ட்டின் தோல்விக்குச் சொல்லப்பட்ட பல காரணங்களில், அதன் ஊழியர்கள் காட்ட வேண்டியிருந்த செயற்கையான மலர்ச்சி அந்நாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஒட்டவில்லை என்பதும் ஒன்று. நம் ஊர் வங்கிகளிலும் கூட்டுறவு அலுவலகங்களிலும் வாடிக்கையாளரே நம் இடத்துக்கு வரும் மிக முக்கியமான மனிதர் என்ற பொருளில் காந்தியின் பெயரோடு தொங்கும் பலகையும் இவ்வகைதான். அவருடைய எழுத்துகளில் அப்படி ஒரு வாசகம் கிடைக்கவில்லை, 1940களின் அமெரிக்க விற்பனைத் துறையில் அதே கருத்து புழங்கியிருக்கிறது.

அந்தப் பலகைக்குக் கீழே நிற்பவர்களின் கால்களைப் பற்றிச் சட்டம் பேச வெகுகாலம் ஆயிற்று. சென்னை தியாகராய நகர் ஜவுளிக் கடை ஊழியர்களின் வாழ்வை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் திரையில் காட்டியது. ஏறத்தாழ அதே காலத்தில் கோழிக்கோட்டில் பி. விஜி முன்னின்ற பெண்கூட்டு அமைப்பு, நாள் முழுவதும் நின்றே வேலை செய்த விற்பனைப் பெண்களைத் திரட்டியது. 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் கடைகள் சட்டத்தைத் திருத்தி ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று விதித்தன. விற்பனையாளர் உட்கார்ந்திருந்தால் அது வாடிக்கையாளருக்குச் செய்யும் அவமதிப்பு என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தால், ஒரு நாற்காலிக்குச் சட்டமன்றம் கூட வேண்டியிருக்கும்! கால் வலிக்கும் மனிதரிடமிருந்து வரும் சுள்ளென்ற பதிலை அவருடைய வளர்ப்போடு முடிச்சுப் போடுவது எளிது.

அண்மைக் காலத்தில் இவ்வட்டாரக் கடைகளிலும் உணவகங்களிலும் வட இந்தியத் தொழிலாளர்கள் வேலைக்கு வந்திருப்பது இந்தப் பிரச்சினைக்குப் புதிய முடிச்சைச் சேர்த்திருக்கிறது. வாடிக்கையாளரும் முதலாளியும் அவர்களிடம் ‘எடு’, ‘போ’, ‘கொண்டா’ என்றே பேசுவதால், அவர்கள் கற்றுக்கொள்ளும் தமிழும் அதுவாகவே அமைகிறது. பிறகு அவர்களில் ஒருவர் எழுபது வயதுப் பெரியவரைப் பார்த்து ‘என்னா வேணும், சொல்லு’ என்று கேட்கும்போது பெரியவருக்குச் சுருக்கென்கிறது. தமக்கு வழங்கப்பட்ட தமிழைத்தான் அந்த இளைஞர் திருப்பி வழங்குகிறார். 2016இல் அறிமுகமான யுபிஐ இன்னொரு பக்கம் சில பூசல்களைச் சத்தமில்லாமல் தீர்த்துவிட்டது: சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் பழக்கம் மங்கியது, காசைக் கையில் கொடுப்பதா மேசையில் போடுவதா என்ற கேள்வி அந்த அளவுக்குக் குறைந்தது. மாறாக, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைக் கல்லாவில் இருக்கும் ஒலிப்பெட்டி கடைக்கே கேட்கும்படி அறிவிக்கிறது. பழைய கணக்கு நோட்டு, மூடியிருந்தவரை, அப்படிச் செய்ததில்லை.

சட்டத்தின் பார்வையில் இந்த உறவு ஒருபக்கம் சாய்ந்தே இருக்கிறது. அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினாலும் எடை குறைந்தாலும் வாடிக்கையாளர் முறையிட எடையளவுத் துறையும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த ஆணையமும் இருக்கின்றன. வாடிக்கையாளரால் இழிவுபடுத்தப்பட்ட ஊழியருக்கு, காவல் நிலையத்தைத் தவிர, அத்தகைய தனி வாயில் எதுவும் எளிதில் தென்படுவதில்லை. 1964இல் இயற்றப்பட்ட புதுச்சேரிக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வேலை நேரத்தையும் விடுமுறையையும் ஒழுங்குபடுத்தப் பிறந்தது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும், பணியிடத்துக்கு வந்து போகும் வெளியாட்களிடமிருந்தும் பெண் ஊழியருக்குப் பாதுகாப்பளிப்பது முதலாளியின் கடமை என்று சொல்லி வாடிக்கையாளரையும் தன் வட்டத்துக்குள் கொண்டுவருகிறது. அச்சட்டப்படி பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் உள்குழு அமைக்க வேண்டியதில்லை. அத்தகைய கடையின் ஊழியர் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம்தான் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். திருக்கனூர் போன்ற ஊர்க் கடைவீதியில் பத்துப் பேர் வேலை செய்யும் கடை அரிது; மாவட்டத் தலைமை இடமோ இருபது கிலோமீட்டருக்கும் அப்பால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்தில் போய்வர வேண்டிய தூரத்தில் இருக்கிறது.